மின்னஞ்சல் நிலையத்தின் நாட்குறிப்பு



நம் நாஞ்சில் நாட்டில் அஞ்சல் என்னும் சொல்லுக்குத் தனிப் பழமை உண்டு. இந்நிலம் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்த காலத்தில், பிரிட்டிஷ் இந்தியத் தபாலுக்கு வேறாக, அஞ்சல் என்ற பெயராலேயே ஒரு கடிதப் போக்குவரத்து இங்கே நடைபெற்று வந்தது. மணி கட்டிய கோலைக் கையிலேந்தி, பையைத் தோளிலிட்டு ஓடிய அஞ்சலோட்டக்காரரைப் பற்றி எங்கள் வீட்டு முதியவர்கள் கதை கதையாகச் சொல்லுவார்கள். மணியோசை கேட்டால் எவராயினும் வழி விட வேண்டுமாம். 1951ஆம் ஆண்டில் அவ்வமைப்பு இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. ஓட்டக்காரர் மறைந்தார், மணியோசையும் மறைந்தது. ஆயினும், கடிதம் கைமாறும் இடந்தோறும் அதனை ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும் என்ற ஒழுக்கம் மட்டும் தபால் உலகில் மறையவில்லை. இக்காலத்து மின்னஞ்சலிலும் அது தொடர்ந்து வருகின்றது. அவ்வேட்டினைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். பள்ளியிலே பாடஞ்சொல்லி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம், இப்பொருளைக் கற்றே தீர வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தியது. கற்றதைச் சொல்லாமலிருப்பது ஆசிரியர் குலத்துக்கு இயல்பன்று.

மின்னஞ்சல் 1971ஆம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர் அருகருகே நின்ற இரு கணிப்பொறிகளுக்கிடையே முதற் கடிதத்தை அனுப்பினார். 1982இல் ஜான் போஸ்டல் என்பவர், ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் கடிதத்தை எவ்வாறு ஒப்படைக்க வேண்டும் என்ற விதிகளை வகுத்து வெளியிட்டார். அவ்விதிகளின் வழியேதான் இன்றும் உலகின் கடிதங்கள் செல்லுகின்றன. கடிதங்களை வாங்கி, வகைப்படுத்தி, உரிய இடத்துக்கு விடுக்கும் கணிப்பொறியை அஞ்சல் சர்வர் என்பர். அதனை நாம் மின்னஞ்சல் நிலையம் என்றே கொள்ளலாம்.

இந்நிலையம் தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிக்கொண்டே செல்லும். இதற்கு லாக் என்று பெயர். மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறிய மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து, கண்ட அளவை ஏட்டில் குறித்தார்கள். கட்டையின் பெயர் ஏட்டுக்கு ஆகி, ஏட்டின் பெயர் கணிப்பொறிக் கோப்புக்கும் ஆயிற்று. நாம் அதனைப் பதிவேடு என்போம். 1980களில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்காக அமைத்த சிஸ்லாக் என்ற முறையே இவ்வேடுகளுக்கெல்லாம் முன்னோடி.

பதிவேட்டில் என்ன இருக்கும்? 1998இல் வெளிவந்து இன்றும் பல நிலையங்களில் பணியாற்றும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளைச் சான்றாகக் கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் சென்னைக்கு ஒரு கடிதம் விடுக்கின்றார். வந்து கதவைத் தட்டிய கணிப்பொறி எது என்பது முதல் வரி. கடிதத்தின் தனி அடையாளம் அடுத்த வரி. அனுப்பியவர் முகவரி, கடிதத்தின் பருமன், பெறுவோர் எத்தனை பேர் என்பன மூன்றாம் வரி. எவருக்கு, எந்நிலையத்தின் வழியாகச் சென்றது, எவ்வளவு நேரம் பிடித்தது, முடிவு என்ன என்பன நான்காம் வரி. வரிசையிலிருந்து நீக்கப்பட்டது என்பது கடைசி வரி. கடிதத்தின் வாசகம் இதில் இராது. உறையின் மேற்புறம் மட்டுமே இங்கே பதிவாகும்.

இவ்வைந்து வரிகளும் அடுத்தடுத்து நிற்பதில்லை. ஒரே நேரத்தில் பல கடிதங்கள் வந்து போவதால், ஒன்றன் வரிகளுக்கிடையே மற்றவற்றின் வரிகள் புகுந்து கிடக்கும். ஆதலின் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிசை அடையாளம் இடப்பட்டு, அது எல்லா வரிகளிலும் வரும். அந்த அடையாளமே பூக்களைக் கோக்கும் நார். அதைப் பிடித்து இழுத்தால் ஒரு கடிதத்தின் வரலாறு முழுவதும் கையில் வந்துவிடும்.

முடிவைத் தெரிவிக்கும் எண்ணிலும் ஒரு முறைமை உண்டு. 2 என்று தொடங்கினால் கடிதம் ஏற்கப்பட்டது. 4 என்று தொடங்கினால், இப்போது இயலாது, பின்னர் வருக என்று பொருள். நிலையம் மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ், வேறு கட்டளை இல்லாவிடின், 5 நாள் வரை முயன்று பார்க்கும். 5 என்று தொடங்கினால் கடிதம் மறுக்கப்பட்டது, அனுப்பியவருக்கே திரும்பும். இம்மூன்று எண்களை அறிந்தவன் பதிவேட்டின் அரிச்சுவடியை அறிந்தவனாவான்.

இனி, என் அனுபவத்துக்கு வருகின்றேன். நம் மாவட்டத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் அலுவலகப் பணிகளை மேற்பார்க்கும் கௌரவப் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பெயர் வேண்டா. அங்கே ஒரு சிறிய அறையில் சொந்த மின்னஞ்சல் நிலையம் ஒன்று இயங்கி வந்தது. பொறுப்பேற்ற சில நாட்களில் அதனைப் பேணும் இளைஞரிடம், "தம்பி, எல்லாம் பதிவாகிறதல்லவா?" என்று கேட்டேன். "ஆம் ஐயா, ஒரு வரி விடாமல் பதிவாகிறது" என்றார். நான் மனநிறைவோடு திரும்பிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் எழுத்தர் ஒருவருடைய கடவுச்சொல்லை வெளியார் எவரோ கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கணக்கிலிருந்து பொய்க் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் புறப்பட்டன. விடிவதற்குள் வெளி நிலையங்கள் பல எங்களை ஐயுற்று, எங்கள் கடிதங்களை மறுக்கத் தொடங்கின. சனிக்கிழமை முற்பகல் அதே எழுத்தர், ஏழை மாணவி ஒருத்தியின் கல்வி உதவித்தொகைக்கான சான்றுகளை உரிய இடத்துக்கு அனுப்பினார். மறுநாள் கடைசி நாள். அக்கடிதம் சில நொடிகளிலே மறுக்கப்பட்டுத் திரும்பியது. ஆனால் திரும்பிய செய்தி அவர் கண்ணில் படவில்லை. பொய்க் கடிதங்களின் திருப்பங்கள் அவருடைய அஞ்சற்பெட்டியில் குவிந்து கிடந்தன. அக்குவியலில் இதுவும் மூழ்கிப் போயிற்று.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கே எங்களுக்குச் செய்தி தெரிந்தது. தவணை கடந்துவிட்டது. எவ்வளவோ எழுதிப் பார்த்தோம், பயனில்லை. அம்மாணவி அவ்வாண்டு அவ்வுதவியைப் பெறவில்லை.

பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது எனக்குத் துயரத்தினும் நாணமே மிகுந்தது. எல்லாம் அதில் இருந்தன. கடவுச்சொல்லைத் தவறாக இட்டு நூற்றுக்கணக்கான முறை முயன்றது இருந்தது. பின்னர் ஒரு முறை வெற்றி கண்டது இருந்தது. அதன் பின் ஒரு மணி நேரத்தில், நாங்கள் ஒரு மாதத்தில் அனுப்பும் கடிதங்களினும் மிகுதியாகச் சென்றது இருந்தது. மாணவியின் கடிதம் மறுக்கப்பட்ட வரியும், 5 என்ற எண்ணைத் தாங்கிக்கொண்டு, தெளிவாக இருந்தது. ஏறத்தாழ 58 மணி நேரம் அவ்வேடு நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தது, கேட்பார் இல்லை. எழுதப்படுகிறதா என்று கேட்ட நான், படிக்கப்படுகிறதா என்று கேட்டிலேன்.

தீமை அத்துடன் நின்றதா? இல்லை. முதற் பொய்க் கடிதம் புறப்பட்ட நேரம் மாலை 6 மணி 10 நிமிடம் என்று ஏட்டில் கண்டது. அந்நேரத்தில் அவ்வெழுத்தர் அலுவலகத்திலேயே தம் இருக்கையில் அமர்ந்திருந்தார் என்பது எல்லோரும் அறிந்தது. அவர் மேல் ஐயம் எழுந்தது. அரை நாள் அவர் தலை குனிந்து நின்றார். பிறகுதான் அவ்விளைஞர் உண்மையைக் கண்டார். அக்கணிப்பொறியின் கடிகாரம் கிரீனிச் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே குற்றம் நிகழ்ந்தது இரவு 11 மணி 40 நிமிடத்தில். எழுத்தர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சிஸ்லாக்கின் பழைய முறையில் மாதமும் நாளும் மணியும் வருமேயன்றி, ஆண்டும் வராது, எவ்வூர் நேரம் என்பதும் வராது. 2009இல் வகுக்கப்பட்ட புதிய முறையில் இரண்டும் இடம்பெற்றன. நாங்கள் பழைய முறையையே வைத்துக்கொண்டிருந்தோம். அன்று எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்பு வேண்டினேன்.

நம் மணிமேடையில் 1893 முதல் ஒரு மணிக்கூண்டு நிற்கின்றது. ஊருக்கெல்லாம் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகவே மணிக்கூண்டு எழுப்பினார்கள். கணிப்பொறிகளுக்கும் அத்தகைய பொதுக் கடிகாரம் வேண்டும். புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தைப் பேணி வருகின்றது. அதனோடு நம் நிலையத்தின் கடிகாரத்தை இணைய வழியே ஒத்திசைத்துக் கொள்ளலாம். நேரம் பிழைபட்ட ஏடு உண்மையைப் பொய்யாக்கும், குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கும்.

உடனுக்குடன் படித்தல் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல உவமை உண்டு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் முழு அளவு 48 அடி. பெருஞ்சாணியின் அளவு 77 அடி. நாள்தோறும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் குறிக்கப்பட்டு நாளிதழ்களிலும் வெளிவருகின்றன. கோடைக்காலத்தில் நாளுக்கொரு முறை பார்த்தால் போதும். ஆனால் மலைமேல் மழை கொட்டும்போது மணிக்கு மணி பார்க்கின்றார்கள். குறித்த மட்டத்தை நீர் தொட்டதும், குழித்துறைத் தாமிரபரணியின் கரையோரத்து மக்களுக்கு எச்சரிக்கை செல்லுகின்றது. வெள்ளம் வடிந்த பின்னர் எத்தனை அடி இருந்தது என்று அறிவது வரலாறு. வருமுன் அறிவது காவல். ஒரே எண்ணே இரண்டுக்கும் பயன்படுகின்றது. வேறுபாடு, அதனைப் படித்த நேரத்தில் இருக்கின்றது.

எங்கள் நிறுவனத்திலும் காவல் முறை ஒன்றை அமைத்தோம். பதிவேட்டின் கடைசி வரியைத் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும் சிறு நிரல் ஒன்றை அவ்விளைஞர் இயங்க வைத்தார். ஒரே முகவரியிலிருந்து பத்து நிமிடத்தில் எத்தனை தவறான முயற்சி, ஒரே கணக்கிலிருந்து எத்தனை கடிதம், 5 என்ற எண்ணோடு எத்தனை மறுப்பு என்று அது எண்ணும். வழக்கமான அளவை மீறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். வழக்கமான அளவு எது என்பதை முதலில் இரண்டு வாரம் பார்த்து அறிந்துகொண்டோம். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் கடிதங்கள் பெருகுவது இயல்பு. அதற்கும் அபாய மணி அடித்தால், பின்னர் உண்மையான அபாயத்துக்கு எவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

நேயர்களே, முதல் நாள் அது நன்றாக இயங்கிற்று. மறுநாள் அமைதி. அதற்கடுத்த நாளும் அமைதி. தீமை ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். உண்மை என்னவெனில், காவலன் பழைய ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தான்! பதிவேடு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும். ஆதலின் நள்ளிரவில் அதற்குப் பழைய ஏடு என்று பெயர் மாற்றி ஒதுக்கி வைத்து, அதே பெயரில் புதிய ஏடு ஒன்றைத் திறப்பது வழக்கம். லினக்ஸ் கணிப்பொறிகளில் லாக்ரொடேட் என்ற மென்பொருள் இவ்வேலையைச் செய்கின்றது. கணிப்பொறிக்கு ஏட்டின் பெயர் வேறு, ஏடு வேறு. நம் நிரல் முதல்நாள் திறந்த ஏட்டையே பிடித்துக்கொண்டு, இனி ஒரு வரியும் சேராத அந்த ஏட்டின் கடைசிப் பக்கத்தில் காத்துக் கிடந்தது. எழுதுவோர் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மாற்று எளிது. படிக்கும் நிரல் சிறிது நேரத்துக்கொரு முறை, இப்பெயருக்குரிய ஏடு மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் பழையதைக் கடைசி வரி வரை முடித்துவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும். எவ்விடம் வரை படித்தோம் என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்ள வேண்டும்; அப்போதுதான் மின்சாரம் நின்று மீண்டாலும், ஒரு வரியை விடுதலும் இராது, ஒரு வரியை இருமுறை எண்ணுதலும் இராது. சிலர் ஏட்டை மாற்றாமல், அதனைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை வெறுமையாக்கி விடுகின்றார்கள். படியெடுத்து முடிவதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதப்பட்ட வரிகள் அழிந்து போகக்கூடும். இயன்ற வரை அம்முறையைத் தவிர்த்தல் நன்று.

இதனினும் பெரிய பாடம் ஒன்றைக் கற்றோம். அமைதி என்பது நலம் என்று பொருள்படாது; காவலன் உறங்கிவிட்டான் என்றும் பொருள்படலாம். ஆகவே ஒவ்வொரு மணிக்கும் நாங்களே எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிக்கொள்கின்றோம். அதற்குரிய வரி ஏட்டில் வந்து, காவல் நிரல் அதனைக் கண்டு, கண்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிடில், அதுவே அபாய அறிவிப்பு.

வேறு சில செய்திகளையும் சுருங்கச் சொல்லி விடுகின்றேன்.

ஏடு தங்கும் இடத்தைக் கடிதங்கள் தங்கும் இடத்தினின்றும் பிரித்து வைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்து, ஏடு பெருத்து இடத்தை அடைத்துவிட்டால், நிலையம் வருகின்ற கடிதங்களை எல்லாம் 452 என்ற எண்ணைக் கூறித் திருப்பிவிடும். காவலுக்கு வைத்த ஏடே கதவை அடைத்துவிடும்!

ஏட்டின் படி ஒன்று, எழுதப்படும் அக்கணமே, வேறொரு கணிப்பொறிக்கும் செல்ல வேண்டும். உள்ளே புகுந்த கள்வன் முதலில் அழிக்க நினைப்பது தன் காலடிச் சுவட்டை அன்றோ? அப்படியை அனுப்புவதிலும் இரு வழிகள் உண்டு. யுடிபி என்ற வழி சாதாரணத் தபால் போன்றது; இடையில் தொலைந்தாலும் எவருக்கும் தெரியாது. டிசிபி என்ற வழியில் பெற்றேன் என்ற ஒப்புதல் உண்டு. முதன்மையான ஏட்டுக்கு இரண்டாவதே ஏற்றது.

தவறான முயற்சி செய்யும் முகவரிகளைத் தானே தடுத்து நிறுத்தும் ஃபெயில்டுபேன் போன்ற மென்பொருள்களும் உண்டு. அவை பதிவேட்டைப் படித்தே தீர்ப்புச் சொல்லுகின்றன. ஆனால் ஒரு கல்லூரி முழுவதும் ஒரே முகவரியின் பின்னிருந்து இயங்குவது உண்டு. கடவுச்சொல்லை மறந்த ஓர் ஆசிரியர் பத்து முறை தடுமாறினால், கல்லூரி முழுவதற்கும் கதவு அடைபட்டுவிடும். வகுப்பில் ஒருவன் செய்த பிழைக்கு எல்லோரையும் பெஞ்சில் ஏற்றிய பழைய முறை அது. அளவறிந்து பயன்படுத்த வேண்டும்.

சட்டமும் இதில் தலையிட்டுள்ளது. இணையப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு அமைத்த செர்ட்-இன் என்னும் நிறுவனம் 2022 ஏப்ரல் 28இல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி நிறுவனங்கள் தம் பதிவேடுகளை 180 நாள் பாதுகாத்தல் வேண்டும். ஊறு நேர்ந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். நாங்களோ 58 மணி நேரம் தெரியாமலே இருந்தோம்.

முடிவாக ஒன்று. இவ்வேட்டில் கடிதத்தின் வாசகம் இல்லை என்றேன். ஆயினும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது இருக்கின்றது. ஒரு மாணவி மருத்துவருக்கு எழுதினாள், ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்கு வேலை கேட்டு எழுதினார் என்பவற்றை உறையே காட்டிக் கொடுத்துவிடும். தபால்காரர் உறையைப் படிப்பது உரிய வீட்டில் சேர்ப்பதற்காக. ஊரார் உறவை ஆராய்வதற்காக அன்று. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும் இதுவே. எங்கள் நிறுவனத்தில் ஏட்டைத் திறக்கும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு. அவர்கள் திறந்ததும் ஒரு குறிப்பில் பதிவாகின்றது. வைத்திருக்க வேண்டிய காலம் கடந்ததும் பழைய ஏடுகளை அழித்து விடுகின்றோம். அழிப்பதும் பேணுதலின் ஒரு பகுதியே.

பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பற்றி இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லுவது உண்டு. ஒரு பையன் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்று குறிப்பது எழுத்து வேலை. நான்காம் நாள் அவன் வீட்டுக்குச் சென்று ஏன் என்று கேட்பதே ஆசிரியர் வேலை. மின்னஞ்சல் நிலையத்தின் ஏட்டுக்கும் அதே நியதிதான். அவ்வேட்டின் ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் நிற்கின்றார். உதவித்தொகை இழந்த மாணவியும், அரை நாள் தலை குனிந்து நின்ற எழுத்தரும் எனக்கு அதனைக் கற்பித்தார்கள். கேட்கின்ற உங்களுள் எவரேனும் ஒரு பள்ளியையோ, மருத்துவமனையையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ நடத்துபவராயின், நாளைக் காலையில் அலுவலகத்துக்குச் சென்றதும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நம் பதிவேட்டை இன்று படித்தவர் யார்?" அக்கேள்விக்கு உடனே ஒரு பெயர் விடையாக வருமாயின், நீங்கள் கவலையின்றி உறங்கலாம்.